பங்குத் தண்ணீர்

அந்தத் தெருவில் ரொட்டிக்காரம்மாவைப் பற்றி ஒரு குறை சொல்ல ஆளில்லை. கடைசியில் அதுவே வினையாகப் போயிற்று.

விடியுமுன் எழுந்து, அடுப்பறையில் நின்று கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்ட பிறகுதான் அவள் அடுப்பில் தீ வைப்பாள். முதல் தட்டு வெந்து வெளியே வந்ததும் அதிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, அந்த நேரத்தில் வாசலில் யார் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவாள். குப்பை வண்டிக்காரராக இருந்தாலும் சரி, காரை நிறுத்தி வழி கேட்கிறவராக இருந்தாலும் சரி. வீட்டுக்கு வீடு சண்டை வந்தால் "ரொட்டிக்காரம்மா என்ன சொல்றாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் ஜன்னலுக்கு நீலத் திரை மாட்டினாள் என்றால் கொஞ்ச நாளில் தெரு முழுக்க நீலத் திரை ஆடும். "அந்தம்மா செய்யறாங்கன்னா யோசிச்சுத்தான் செய்வாங்க" என்பது அங்கே எல்லார் வாயிலும் பழகிப்போன பேச்சு.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் இதில் சேராதவர். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குரலின் பலத்தைப் பார்த்துத் தெரு அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருந்தது. காயப்போட்ட சட்டையில் அடுப்புக் கரி படிகிறது என்று மாதம் தவறாமல் மதில்மேல் தலையை நீட்டிச் சத்தம் போடுவார்.

"ஏம்மா, ரொட்டி மட்டும் விக்கிறீங்களா, புகையும் சேத்து விக்கிறீங்களா? நான்தான் ஒண்ணும் கேக்கலையே, எனக்கெதுக்கு தினமும் வீடு தேடி அனுப்புறீங்க?"

அவர் மட்டும் அவள் கடையில் ரொட்டி வாங்கியதில்லை.

தெருவின் ஒரு பக்கத்தில்தான் வீடுகள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் ஒரே வரிசை. மேட்டுக் கோடியில் ரொட்டிக்கடை, பள்ளக் கோடியில் மெத்தைக்காரர் வீடு. வீடுகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். தெருவுக்கு எதிர்ப்பக்கம் தாழ்ந்த புல்வெளி. குளிர்கால மழையில் வாய்க்கால் நிரம்பினால் என்ன செய்வது என்று அந்த வரிசையைக் கட்டியவர்கள் அன்றைக்கே யோசித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரிலும் அடியில் ஒரு மடை. பூனை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், அவ்வளவுதான். அங்கிருந்து பின்முற்றத்தின் வழியாக ஒரு கல் ஓடை, வீட்டுக்கும் தெருவுக்கும் அடியில் புகுந்து புல்வெளியில் போய் விழும். வாய்க்கால் பொங்கினால் எல்லா வீடும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிடும். யார் முற்றத்திலும் கணுக்காலுக்கு மேல் நின்றதில்லை.

அதற்குப் பங்குத் தண்ணீர் என்று பெயர். குளிர்காலத்தில் மதிலுக்கு மதில் விசாரித்துக்கொள்வார்கள்.

"உங்க பங்கு வந்துச்சா?"

"வந்துச்சு, வந்துச்சு. கூடவே உங்க வீட்டுக் கரண்டியும் வந்துச்சு. வேணும்னா வந்து எடுத்துக்கங்க."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு, வாய்க்கால் புறப்படும் இடத்திலிருந்த சதுப்பு நிலத்தைத் தூர்த்து ஒரு கிடங்கு கட்டினார்கள். லாரிகள் திரும்புவதற்காகச் சுற்றிலும் சிமெண்டுத் தரை போட்டார்கள். மழையை எல்லாம் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிட்ட நிலம் அது. அதன் வாயை மூடியாயிற்று. அடுத்து வந்த குளிர்காலத்தில் வாய்க்கால் ஒரே மூச்சில் பொங்கியது. எல்லார் வீட்டிலும் முழங்கால் தண்ணீர். ரொட்டிக்காரம்மா வீட்டில் அடுப்பறை தாழ்வான அறை. கொதிக்கிற செங்கல்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டு அடுப்பின் தளம் பிளந்துவிட்டது. பிரித்துக் கட்டி, ஈரம் உலர்ந்து, மறுபடி ரொட்டி வேகிறதற்குள் அந்தக் குளிர்காலமே முடிந்துபோயிற்று.

அவள் கடவுளிடம் கேட்டாள். கடவுள் வேண்டாம் என்று சொன்னதாக அவளுக்குத் தெரியவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டுத் தன் வீட்டு மடையைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசச் சொன்னாள்.

அவளுடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது அதே தெருவின் பள்ளக் கோடியில், மெத்தைக்காரர் வீட்டில். ரொட்டி வாங்க வந்த மகள் ஈரம் காயாத பூச்சைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அம்மா, நீ அடைச்சா உன் பங்கும் எங்களுக்குத்தானே வரும்?"

"ஒரு வீட்டுப் பங்கு தானேடி! அத்தனை வீட்டுக்கும் பிரிஞ்சா ஆளுக்கு ஒரு வாளி. அதுக்கா இந்தப் பேச்சு?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. ஒரு வீட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அது முழு உண்மை. நல்லவர்களைத் தடுக்கி விழவைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட உண்மைகள்தான். பொய்யாக இருந்தால் அவர்களே காலைப் பின்னுக்கு இழுத்திருப்பார்கள்.

ஒரு வாரம் போனதும் நான்காவது வீட்டுக் காசாளர் அடைத்தார். பிறகு ஜோடியாக இரண்டு வீடு. "ரொட்டிக்காரம்மாவே அடைச்சுட்டாங்க, நமக்கென்ன?" என்று ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு, "ஒரு வீட்டுப் பங்கு தானே" என்று அதே சமாதானம். ஹாரன்கூட அடைத்தார். "புகையைத்தான் நிறுத்த முடியல, தண்ணியையாவது நிறுத்துறேன்" என்று அவள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே அடைத்தார். கொத்தனாரின் கரண்டிச் சத்தம் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி வீடு வீடாக இறங்கிப் போவதை ரொட்டிக்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் தெரு கேட்டிருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தன் மடையைத் திறந்துவிட்டல்லவா சொல்ல வேண்டும்? மாவு பிசையும் வேலை இருந்தது. போய்ப் பிசைந்தாள்.

மெத்தைக்காரர் மட்டும் அடைக்கவில்லை. இலவம்பஞ்சைப்போலவே மென்மையான மனிதர், குரல் உயராதவர்.

"எல்லாரும் அடைச்சுட்டா கடைசியில யாராவது ஒருத்தர் வாங்கித்தானே ஆகணும்? வாய்க்கால் எங்கதான் போகும் பாவம்?" என்றார்.

"வாய்க்காலுக்குப் பாவம் பாக்குறாராம்!" என்றாள் அவர் மனைவி. "ஊருக்கெல்லாம் பஞ்சு அடைச்சு அடைச்சு உங்க தலைக்குள்ளயும் அதுதான் இருக்கு."

இந்த அம்மாளும் ரொட்டிக்காரம்மாவும் சம்பந்திகள். பார்க்கும்போதெல்லாம் சர்க்கரை தடவிய ஊசியை மாறி மாறிக் குத்திக்கொள்வார்கள். "உங்க ரொட்டி இன்னிக்கு எங்க தலையணை மாதிரி இருந்துச்சு சம்பந்தியம்மா, கடிக்கவே மனசு வரல." "பரவாயில்லைங்க, தலைக்கு வச்சுப் படுத்துக்கங்க." இரண்டு வீட்டுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த பாசத்தின் பாஷை அது. இருவருக்கும் அது தெரியும்.

அடுத்த குளிர்காலம் சீக்கிரமே வந்தது. மழை விட்டு விட்டு நாட்கணக்கில் பெய்தது. நிலம் ஊறிப்போய்க் காலடி வைத்த இடமெல்லாம் தண்ணீர் கொப்பளித்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வானமே கழன்று விழுந்ததுபோல் கொட்டியது. ரொட்டிக்காரம்மா வீட்டு முற்றம் மழையில் நனைந்ததே தவிர, வாய்க்கால் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அடைப்பு நன்றாகவே நின்றது. அடுப்பில் இரண்டாவது தட்டு வெந்துகொண்டிருந்தது. அடுப்பறை வெதுவெதுப்பாக, வாசனையாக இருந்தது. "ஆண்டவன் புண்ணியம்" என்று அவள் கணவனிடம் சொன்னாள். மாவு மேசையில் குனிந்திருந்த அவர், கேட்டதற்கு மேல் பேசாத மனிதர், வெறுமனே தலையை ஆட்டினார்.

அப்போது சம்பந்தியம்மாள் உள்ளே வந்தாள். காலில் செருப்பில்லை. இடுப்புவரை சேறு. அவள் வாயிலிருந்து ஆவி பறந்தது.

"என்னங்க இது கோலம்? உக்காருங்க முதல்ல..."

"உக்கார வரல சம்பந்தியம்மா. எங்க வீட்டுப் பின்சுவர் போயிடுச்சு. மடை இருந்த இடத்துல ஒரு வண்டி நுழையற அளவுக்கு ஓட்டை. அத்தனை வாய்க்காலும் எங்க வீட்டுக்குள்ளதான் இறங்குது."

"ஐயோ! பொண்ணு?"

"உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அவருதான் பஞ்சு ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டாரு."

அந்த அறை ரொட்டிக்காரம்மாவுக்குத் தெரியும். முற்றத்தை ஒட்டி நாலு படி இறங்கிப் போகும் அறை. குளிர்காலத்துக்கான பஞ்சுப் பொதிகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும். பொதிகளைப் பரண்மேல் ஏற்றப் போனவர்மேல் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. நனைந்த பொதிகள் சரிந்து கதவுக்குப் பின்னால் விழுந்து ஊறிப் பெருத்துவிட்டன. கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. மாப்பிள்ளை கோடாலியால் பிளந்தால் பிளந்த இடத்தையும் பஞ்சு வந்து அடைக்கிறது. ஜன்னலில் இரும்புக் கம்பி. பரணுக்கு ஏறுகிற ஏணி பொதிகளுக்கு அடியில் போய்விட்டது; அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் அவர் மார்புக்கு வந்துவிட்டது.

"தீயணைப்புக்காரங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்களாம். பாலம் முழுகியிருக்கு." சம்பந்தியம்மாள் அடுப்பைப் பார்த்தாள். பிறகு ரொட்டிக்காரம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஊசியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. "நான் வேற எதுவும் கேக்கல. உங்க பங்கை நீங்க வாங்கிக்கங்க. அது போதும்."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பிப் போய்விட்டாள்.

ரொட்டிக்காரம்மா கடப்பாரையை எடுத்தாள்.

"அடுப்பு சூடா இருக்கே" என்றார் கணவர் மெதுவாக.

"இருக்கட்டும்."

முற்றத்தின் மழையில் நின்று அடைப்பை இடித்தாள். கொத்தனார் நல்ல வேலைக்காரர். பூச்சு பெயர மறுத்தது. நாலைந்து முறை குத்தியதும் கணவர் வந்து அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கிக்கொண்டார். செங்கல் உள்ளே தள்ளப்பட்ட மறுநொடி, வாய்க்கால் காத்துக்கொண்டிருந்ததுபோல் பாய்ந்து வந்தது. ஓடையில் அடங்காமல் முற்றத்தில் பரந்து அடுப்பறைக்குள் இறங்கியது. உள்ளே ஆவி சீறியது. பிறகு, பெரிய மரம் முறிவதுபோல் ஒரு சத்தம். அடுப்பு போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் இறங்கி ஓடினாள்.

ஹாரன் வீட்டுக் கதவு முதலில் வந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். அங்கே கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாள். அன்று அவள் செய்த தவறுகளில் அதுவும் ஒன்று.

காசாளர் வீட்டில் கதவைத் தட்டினாள். அவர் குடையோடு வந்து, அவளை மழையில் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"மடையைத் திறந்துவிடுங்க சார். மெத்தைக்காரர் மாட்டிக்கிட்டிருக்காரு."

"கேள்விப்பட்டோம்மா, மனசே சரியில்ல. நகராட்சிக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கேன். எடுக்க மாட்டேங்கிறான்."

"நகராட்சி வர்றவரைக்கும் அவரு தாங்க மாட்டாரு. மடையை..."

"இப்பத்தான்மா தரையெல்லாம் மரப்பலகை போட்டோம்." அவர் குரல் நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "அதுவும் இல்லாம, ஒரு வீட்டுப் பங்குல என்னம்மா ஆகிடப் போகுது?"

அவள் சொன்ன வார்த்தை, அவள் சொன்ன அதே தொனியில், அவளிடமே திரும்பி வந்தது.

அடுத்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது, ஈரம் ஆகாது. அதற்கடுத்த வீட்டில் வீட்டுக்காரர் இல்லை. அவரைக் கேட்காமல் எப்படி? இன்னொரு வீட்டில் கம்பளி கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பாத்திரம் நிறையச் சூடான சூப் கொடுத்து, "பாவம், அவருக்குக் குடுங்க" என்றார்கள். கேட்டதைத் தவிர எல்லாம் கொடுத்தார்கள். இளைஞர்கள் சிலர் எங்கிருந்தோ மணல் மூட்டைகளைத் தூக்கி வந்து, வரிசையாக நின்று கைமாற்றி, மெத்தைக்காரர் வீட்டை ஒட்டிய சந்தின் வாயில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அதைப் படம் பிடித்தார். தண்ணீர் தெருவுக்குள் வராமல் மூட்டைகள் நன்றாகத் தடுத்தன. அந்தத் தண்ணீர் சந்துக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. முகத்திலெல்லாம் உதவி செய்கிற மகிழ்ச்சி. அவர்களைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "எடுங்கப்பா, எடுங்க, அதை எடுங்க" என்று தானே ஒவ்வொரு மூட்டையாக இழுத்துப் போட்டாள்.

இழுத்துப் போட்ட மூட்டைகளைத் தாண்டிச் சந்துக்குள் இறங்கினாள். தொடைவரை தண்ணீர், கத்தியால் கீறுவதுபோன்ற குளிர். பஞ்சு அறையின் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு மகள் நின்றாள். கம்பிகளுக்கு உள்ளேயிருந்து நீண்ட மாமனாரின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவர் தாடைக்குச் சற்றுக் கீழே தண்ணீர் அலைந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"மாமா, தூங்காதீங்க. பேசுங்க மாமா, ஏதாவது பேசுங்க."

"என்னம்மா பேசறது..." என்றார் அவர். "எவ்வளவு நல்ல பஞ்சு..."

வீட்டுக்குள் கோடாலி இடிக்கும் சத்தம். மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"திறந்துட்டியா?"

"திறந்துட்டேன்டி."

"வேற யாரு?"

ரொட்டிக்காரம்மா கையை நீட்டிச் சம்பந்தியின் ஒரு கையைத் தானும் வாங்கிக்கொண்டாள். அது கல்போலிருந்தது. ஆண்டவனே, ஆண்டவனே என்று மட்டும் வாய் முணுமுணுத்தது. அதற்குமேல் எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடைக்கும்போது அவள் பின்னால் வந்த தெரு, திறக்கும்போது வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மேட்டுப் பக்கமிருந்து, மழையையும் மீறி ஒரு குரல் கேட்டது. யாரையோ வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு யாரோ சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலைத் தெருவில் யாரும் அடையாளம் கேட்க வேண்டியதில்லை.

கொஞ்ச நேரத்தில் சந்துத் தண்ணீர் ஏறுவதை நிறுத்தியது. நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு சுவரில் ஈரக் கோடு ஒன்று தெரிந்தது. ஒரு விரல்கடை. அப்புறம் ஒரு சாண். மெத்தைக்காரரின் கழுத்து தெரிந்தது, தோள் தெரிந்தது. உள்ளே பஞ்சின் அழுத்தம் சற்றே தளர, மாப்பிள்ளை கதவின் கீலைப் பெயர்த்து அறைக்குள் விழுந்தார்.

வெளியே தூக்கி வந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. தெருக்காரர்கள் கொடுத்த கம்பளியைத்தான் போர்த்தினார்கள். அந்தச் சூப்பைத்தான் ஊட்டினார்கள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ரொட்டிக்காரம்மா மேடேறி வந்தபோது ஹாரன் தன் வாசலில், கையில் சம்மட்டியோடு, முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் மிதந்தன.

"அண்ணே..." என்றாள்.

"என்னம்மா? கதவு கதவாத் தட்டுனீங்களே, என் கதவு மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினார். "உங்க புகையை வாங்குற வீடு தண்ணியை வாங்காதா?"

அவர் அவ்வளவு உரக்கக் கத்தி அவள் கேட்டதில்லை. அழுகையை மறைக்க அவருக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்திருந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு நகராட்சி ஒரு கூட்டம் போட்டது. பொறியாளர் வந்தார். நிலம் ஏற்கெனவே ஊறியிருந்தது என்றார். சதுப்பு நிலத்தை மூடியது தவறு என்றார். வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்றார். எல்லாமே உண்மை. தெரு எழுந்து நின்று கிடங்குக்காரர்களைத் திட்டியது. அதுவும் நியாயமே. மணல் மூட்டை வரிசையின் படத்தைச் சுவரில் மாட்டி, "ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு" என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

ரொட்டிக்காரம்மா எழுந்தாள். "மடையை அடைச்சது நாமதான். முதல்ல அடைச்சது நான்" என்றாள்.

பக்கத்திலிருந்த பெண் அவள் கையைப் பிடித்து அன்பாக உட்காரவைத்தாள். "பாவம், அடுப்பு போன துக்கம்" என்று பின்வரிசையில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். பேச்சு மறுபடி கிடங்குக்குப் போயிற்று. அவள் நீலத் திரை மாட்டினால் பார்த்து மாட்டிக்கொண்டவர்கள், அவள் தவறு என்று சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை.

மெத்தைக்காரர் பிழைத்தார். ஆனால் அந்தக் குளிர் அவர் மார்பைவிட்டு இறங்கவில்லை. பத்து வார்த்தை சேர்ந்து பேசினால் இருமல் வந்துவிடும். பஞ்சு முழுவதும் அழுகிக் கறுத்து நாறியது; வண்டி வண்டியாக அள்ளிப் போட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும், ஈரம் ஏறாத ஊராகப் பார்த்துப் போய்விடுவது என்று அந்த வீட்டில் முடிவானது.

சாமான் கட்டுகிற அன்று ரொட்டிக்காரம்மா போய் நின்றாள். மகள் பெட்டிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னைத் திட்டிடுடி" என்றாள் தாய். "ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிடு."

மகள் நிமிர்ந்தாள். கண்ணில் கோபமில்லை. அதுவாவது இருந்திருக்கலாம்.

"திட்டினா முடிஞ்சு போயிடுமேம்மா" என்றாள். குனிந்து அடுத்த முடிச்சைப் போட்டாள்.

சம்பந்தியம்மாள்தான் வாசல்வரை வந்தாள். கையில் ஒரு தலையணை. பரண்மேல் இருந்ததால் தப்பித்த பஞ்சில் தைத்தது.

"இருந்தது இவ்வளவுதான். வச்சுக்கங்க."

"எனக்கெதுக்குங்க? நான் என்ன பண்ணினேன்னு..."

"தலைக்கு வச்சுப் படுங்க சம்பந்தியம்மா" என்றாள் அவள். "தூக்கம் வருதான்னு பாருங்க."

அது ஊசியா, சர்க்கரையா என்று ரொட்டிக்காரம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். மனிதர்கள் கொடுக்கும் அன்பில் கலப்பில்லாதது அபூர்வம். அதற்காக வாங்காமல் இருக்கவும் முடியாது. வாங்கிக்கொண்டாள்.

பள்ளக் கோடி வீட்டை வாங்கியவர் முதல் வேலையாகச் சுவரைக் கட்டினார். மடை வைக்காமல் கட்டினார். தெருவில் வேறு யாரும் அடைப்பை எடுக்கவில்லை. எடுப்பதாகச் சொன்னவர்கள் உண்டு; சொன்னபோது மனமார்த்தான் சொன்னார்கள். ரொட்டிக்காரம்மா அடுப்பை இடுப்புயர மேடைபோட்டு அதன்மேல் கட்டிக்கொண்டாள். சின்ன அடுப்பு, முன்பு வெந்ததில் பாதிதான் வேகும். மடையை அடைக்கவில்லை. ஹாரனும் அடைக்கவில்லை.

மறுபடி குளிர்காலம் வந்தது. முதல் பெருமழை பெய்த காலையில், மாவுக் கையோடு இருந்தபோது போன் அடித்தது. மகள்.

"அங்க பயங்கர மழையாமே?"

"ஆமாண்டி."

"மடை?"

"திறந்துதான் இருக்கு."

மகளுக்குப் பின்னால், தூரத்தில், ஒருவர் இருமுவது கேட்டது. நீண்ட இருமல். அது ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"மாமா கேக்கச் சொன்னாரு, உங்களுக்குத் தண்ணி வந்துடுச்சான்னு" என்றாள் மகள். "அதான் போன் பண்ணினேன்."

வைத்துவிட்டாள்.

ரொட்டிக்காரம்மா மாவுக் கையை உதறிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மடை வழியே பழுப்புத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஓடை நிரம்பி, முற்றம் நிரம்பி, புதிய மேடையின் முதல் செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. தெருவின் மற்ற ஜன்னல்களில் நீலத் திரைகள் ஆடாமல் தொங்கின. மதிலுக்கு மேல் ஒரு தலை எழுந்தது.

"ஏம்மா! உங்க பங்கு வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. உங்களுக்கு?"

"எனக்கென்ன கொறைச்சல்? தெருவோட பங்கே வந்து நிக்குது!"

அவள் உள்ளே போய், அன்றைய முதல் தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றி மதிலுக்கு மேல் நீட்டினாள். ஹாரன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழையில் காகிதம் நனைந்தது.

"அடி கருகியிருக்கு" என்றார். நின்ற இடத்திலேயே கடித்தார்.

ரொட்டிக்காரம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஓடையின் வாயில் சிக்கியிருந்த இலைகளைத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.